வலது மட்கார்டின் நிழல்

மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிச்சட்டமான சேஸ் இற்றுப்போன ஒரு ஜீப்பின் பாடியைக் கழற்றி, பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய இன்னொரு ஜீப்பின் சேஸ் மேல் தூக்கி உட்காரவைத்து, போல்ட்டுகளை முறுக்கி, பட்டறையிலிருந்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த காலையில், கோணாம்பட்டி ஜீப் ஸ்டாண்டில் அந்த வண்டிக்கு வேறொரு வண்டியின் நிழல் விழுந்தது.

யாரும் அலறவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். மேலே நின்றது தகரக் கூரை போட்ட டப்பா வண்டி. கீழே தரையில் கிடந்தது படுதா போட்ட வண்டியின் நிழல். படுதாவின் கிழிந்த மூலை, இலைகூட அசையாத அந்தக் காலையில், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. “அட, மயில் வண்டி,” என்றார் டீ மாஸ்டர் பொன்னுச்சாமி, வெளியூர் போயிருந்த ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துச் சொல்லும் குரலில். பிறகு விட்ட இடத்திலிருந்து டீயை ஆற்றத் தொடங்கினார்.

கோணாம்பட்டிக்கு மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், அங்கே ஏலத்தோட்டம், தோட்டத்தில் வருடம் முழுக்கக் களை, களைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஜீப் வேண்டும் என்று சங்கிலி போல ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் பிழைத்துவருகிறது. அப்படி ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்று, பின் படுதாவில் மயில் வரைந்த மயில் வண்டி. ஓட்டியவன் பெத்தணன். மூன்று வருடங்களுக்கு முன் சாரல் காலத்தில், சாயங்காலம் மலையிறங்கும்போது, மூட்டம் சாலையை மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கருப்பசாமி வளைவுக்குக் கீழே அது பள்ளத்தில் விழுந்தது. பெத்தணனோடு சேர்த்துப் பதினோரு பேரைப் பிணமாக மேலே தூக்கி வந்தார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட முடியாத ஒருவர் இருந்தார். பெத்தணனின் அண்ணன் தங்கமாயன். அவரிடம் மலிவாக வாங்கிய ஒரு டப்பா வண்டி இருந்தது. முன்பு அதில் மீன் பெட்டி ஏற்றி ஓட்டியிருந்தார்கள். ஐஸும் உப்பும் கரைந்து ஒழுகி, பாடி கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கிக்கொண்டிருக்க, அடியில் சேஸ் முறுக்கு போல நொறுங்கத் தொடங்கியிருந்தது. பள்ளத்தில் கிடந்த மயில் வண்டியோ நேர்மாறு. மேலே இருந்ததெல்லாம் அப்பளம், கீழே சேஸ் ஒரு நூல் பிசகாமல் நேராக இருந்தது. தோட்டத்து ஆட்களை வைத்துக் கயிறு கட்டி அதை மேலே இழுத்தபோது, தம்பியின் எலும்பைப் பள்ளத்தில் விட்டுவைத்திருந்த குறை தீர்ந்தது போலத் தங்கமாயன் அழுதார் என்றார்கள்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. உடம்பு அழியும், உயிர் அழியாது என்று சொல்லாத சாத்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் மோட்டார் வண்டிகளின் விஷயத்தில் அரசாங்கம் அவ்வளவு தூரம் போவதில்லை. பாடியை மாற்றலாம், எஞ்சினைக்கூட மாற்றலாம், சேஸில் கொத்தியிருக்கும் எண்தான் வண்டி என்பது அதன் சித்தாந்தம். மயில் வண்டியோ செத்த வண்டி என்று எழுதி முடிக்கப்பட்ட ஒன்று. அந்த எண் விஷயத்தைப் பட்டறைக்காரர் சவரிமுத்து பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

நிழலை இப்போது விவரித்தாக வேண்டும். மயில் வண்டியின் பக்கவாட்டுப் படுதாவை எப்போதும் சுருட்டிக் கட்டியிருப்பார்கள், அதனால் உள்ளே இருந்தவர்களின் தலைகள் நிழலில் வரிசையாகத் தெரிந்தன. தலைப்பாகைக்காரர் வேலுத்தம்பி, மடியில் தூக்குச்சட்டி வைத்திருந்த பாண்டியம்மாள், ரெட்டைச் சடை போட்ட அவள் மகள் என்று பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம். படுதா மட்டும்தான் அசைந்தது, அவர்கள் அசையவில்லை. எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள், வண்டி வளைவில் திரும்பும்போது சாய்வது போல. எந்த வளைவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உயிரோடிருப்பவர்கள் வண்டியில் ஏறினால் அவர்கள் நிழல் தரையில் விழுவதில்லை, இறங்கிய பிறகு காலடியில் வந்து சேர்ந்துகொள்ளும். காலையில் வண்டி மேற்கே ஏறும், அப்போது சூரியன் பின்னால். மாலையில் கிழக்கே இறங்கும், அப்போதும் சூரியன் பின்னால். ஆகவே போகும்போதும் வரும்போதும், வளைவுகளில் சற்று அப்படியும் இப்படியும் ஆடினாலும், பதினோரு பேர் ஏறிய அந்த வண்டி எப்போதும் டப்பா வண்டிக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் இதைச் சீக்கிரமே பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மண் தரையில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் குறைப்பட்டதால், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்து, மலைக்குப் போகுமுன் வண்டியைக் கொஞ்ச நேரம் அதன் எதிரே நிறுத்தும் வழக்கம் வந்தது. வேலுத்தம்பியின் மகன் புதுப் பெண்டாட்டியைக் கூட்டிவந்து சுவருக்கு முன் நிறுத்தி, “மாமனாருக்குக் கும்பிடு போட்டுக்க,” என்றான். அந்தப் பெண் நிழலின் காலைத் தொட முயன்று சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டாள். ஆடி அமாவாசைக்குச் சுவரடியில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். காகங்கள் வந்து தின்றன, நிழலா நிஜமா என்ற விசாரம் அவற்றுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒருவர் போட்டோ எடுத்துப் பார்த்தார். போட்டோவில் டப்பா வண்டிக்கு டப்பா வண்டியின் நிழலே விழுந்திருந்தது, அதனால் போட்டோ பொய் சொல்லும் என்று ஊர் தெரிந்துகொண்டது. தங்கமாயனுக்குத்தான் ஒரு சங்கடம், வெறும் வண்டியை ஓட்டினாலும் ஏற்றத்தில் அது முழு லோடுக்கு முக்கி, முழு லோடுக்கு டீசல் குடித்தது.

ஒருமுறை சோதனைக்கு வந்த வாகன ஆய்வாளர் வண்டியை நிறுத்தினார்.

“வண்டியில எத்தனை பேரு?”

“அஞ்சு பேரு சார்,” என்றார் தங்கமாயன்.

“கீழ பதினொண்ணு தெரியுது.”

“அதுல ஒண்ணு டிரைவரு சார். கழிச்சுக்கங்க.”

ஆய்வாளர் நிழலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சத்தத்தைக் குறைத்து, “இனிமே மேகம் போட்ட நாளாப் பாத்து ஓட்டுய்யா,” என்று சொல்லிவிட்டு, நிழலை மிதிக்காமல் தன் ஜீப்புக்குத் திரும்பிப் போனார்.

ஒரே ஒரு இடம்தான் அந்த நிழலில் காலி. வலது மட்கார்டு.

மூட்டக் காலத்தில் எங்கள் வண்டிகளுக்கு மட்கார்டு ஆள் என்று ஒருவர் உண்டு. முன் கண்ணாடி வெள்ளை வேட்டியாகிப் போகும் நேரத்தில், அவர் வலது முன் சக்கரத்தின் மட்கார்டு மேல், டிரைவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாலையின் விளிம்பைக் கண்ணால் தடவித் தடவி, “இடம் ஒடி, போதும், நேரா விடு, கல்லு இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே வருவார். டிரைவர் அந்தக் குரலைத்தான் ஓட்டுவார். மயில் வண்டியின் மட்கார்டு ஆள் கெப்புராஜ். பெத்தணனின் கூட்டாளி, தோட்டத்தில் களையெடுக்கும் செவனம்மாளின் வீட்டுக்காரன். பள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்களில் அவன் இல்லை. கீழே ஆற்றில் தண்ணீர் அதிகம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் ஊருக்கு வேறொரு கணக்கு எளிதாக இருந்தது. மட்கார்டில் ஆள் இருந்திருந்தால் வண்டி விழுந்திருக்காது, வண்டி விழுந்தது, ஆகவே மட்கார்டில் ஆள் இல்லை. அந்தப் பக்கம் யாரோ ஒரு மலையாளத்துப் பெண்ணோடு டீக்கடை போட்டிருக்கிறான், அன்றைக்கு வண்டி கிளம்பும்போதே நழுவிவிட்டான், பதினோரு சாவும் அவன் தலையில் என்று பேச்சு முடிவானது.

நிழல் வந்து அந்தப் பேச்சுக்கு முத்திரை வைத்தது. எல்லோரும் இருந்தார்கள், அவன் மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, நிழலில் பெத்தணனின் முகம் சாலையைப் பார்க்காமல் வலது பக்கம் திரும்பியிருந்தது. அவன் வலது கை கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே மட்கார்டை நோக்கி நீண்டிருந்தது. மணிக்கட்டோடு அந்தக் கை மட்கார்டின் நிழலுக்குள் மறைந்துவிட்டதால் விரல் தெரியவில்லை. தெரியாத விரலைச் சுட்டுவிரல் என்று முடிவு செய்ய ஊருக்குச் சிரமமிருக்கவில்லை.

“பாத்தியா, செத்தும் காட்டிக்குடுக்குறான்,” என்றார்கள். “‘இங்க உக்காந்திருக்க வேண்டியவன் எங்கடா’ன்னு கேக்குறான்.”

செவனம்மாளை எந்த ஜீப்பும் ஏற்றாமல் மூன்று வருடமாகியிருந்தது. ராசியில்லை என்றார்கள், இடமில்லை என்றார்கள், ஒரு டிரைவர் மட்டும் நேர்மையாக, “நீ ஏறுனா மத்தவுக எறங்கிருவாக மதினி,” என்றார். அவள் கழுதைப் பாதை வழியாக நடந்தே தோட்டத்துக்கு ஏறினாள். ஜீப் சாலை ஏழெட்டு மடிப்பாக வளைந்து ஏறும் மலையை அந்தப் பாதை நேராகக் கிழித்துக்கொண்டு போகும். கருப்பசாமி வளைவில் மட்டும் இரண்டும் சந்திக்கும். அவள் அங்கே வரும்போது ஜீப்புகள் தேங்காய் உடைக்க நின்றிருக்கும். பெண்கள் உள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

“என்ன செவனம்மா, உம் புருசன் டீக்கடை நல்லா ஓடுதாம்ல?”

“பிள்ளையும் பெறந்திருக்காம். பொம்பளைப் பிள்ளையாம்.”

அவள் நடையை நிறுத்தாமல் ஏறிப்போவாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். அவளுக்கு அந்த ஏச்சுகள் எப்படி உதவின என்பது யாருக்கும் தெரியாது. ஊரே சேர்ந்து அவனைத் திட்டுகிற வரைக்கும் அவன் எங்கேயோ உயிரோடு இருந்தான், டீ ஆற்றினான், தலையில் துண்டைக் கட்டினான், பிள்ளைக்குப் பெயர் வைத்தான். கழுத்தில் தாலியை மூன்று வருடமாக அவள் கழற்றாமலிருந்ததற்கு அந்த ஏச்சுகளே சாட்சி.

அதனால்தான் நிழலைப் பார்க்க அவள் வரவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துச் சலித்து, வெள்ளைச் சுவரில் யாரோ கட்சிச் சின்னம் வரைந்து அதை மறுபடி வெள்ளையடித்த பிறகுதான், ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் நின்றாள். கூட்டம் விலகி வழிவிட்டது, மரியாதையால் அல்ல. அவள் சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தாள். பாண்டியம்மாளின் மகள் சடையில் கண்ணை நிறுத்தி மனதுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு வலது மட்கார்டுக்கு வந்தாள். அங்கே ஆள் இல்லை. மட்கார்டின் மேல் வளைந்த கம்பி ஒன்றின் நிழல் மட்டும் நின்றது.

“நல்லாப் பாத்துக்க,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

செவனம்மாள் நல்லாத்தான் பார்த்தாள். திரும்பி, சுவருக்கு எதிரே நின்ற நிஜ வண்டியைப் பார்த்தாள். அதன் வலது மட்கார்டில், எப்போதோ எந்தக் கட்சிக்கோ கொடி பறக்கவிட்ட கம்பி ஒன்று கோணலாக நின்றுகொண்டிருந்தது.

“மயில் வண்டிக்கு ஏதுண்ணே கொடிக்கம்பி?” என்று தங்கமாயனிடம் கேட்டாள்.

கேள்வி சின்னது. ஆனால் கூட்டம் முழுக்கச் சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தது. கூரையின் நிழல் மயில் வண்டியுடையது, பின்கதவின் நிழல் மயில் வண்டியுடையது, தலைகள் மயில் வண்டியினுடையவை. அந்த ஒரு மூலை மட்டும் டப்பா வண்டியின் நிழல். இத்தனை நாள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் தத்தம் ஆளைப் பார்க்க வந்தவர்கள்.

“நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்க,” என்று தங்கமாயன் வண்டியைக் கிளப்பினார்.

அவள் பட்டறைக்குப் போனாள். சவரிமுத்து ஒரு சைலன்சரைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, அந்த மூலையில என்ன பண்ணுனீக?”

“எந்த மூலையில?”

“வலது மட்கார்டுக்கு அடியில.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய்த் துணியால் துடைத்ததால் அது இன்னும் மங்கியது. “வெளிய சொல்லக் கூடாது தாயி. சேஸ் நம்பரு அங்கதான் கொத்தியிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, மீன் வண்டி நம்பர் துண்டை அந்த எடத்துல வச்சு வெல்டு போட்டேன். ஒரு சாண் நீளம் இருக்கும். மத்ததெல்லாம் மயில் வண்டிதான்.”

“வெட்டுன துண்டு எங்க?”

“பழைய இரும்புக்குப் போடக் கூடாது, யார் கண்ணுலயாச்சும் பட்டா ஜெயிலு. எப்பவும் போடுற எடத்துலதான் போட்டேன். கருப்பசாமி மரத்துல ஆணியடிச்சு விட்டுட்டேன். அவரு யாருக்கும் காட்டிக்குடுக்க மாட்டாரு.”

சவரிமுத்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் வெட்டிய எண்ணை எங்கே வைப்பது என்பது பற்றி அவருடைய மதம் தெளிவாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. கருப்பசாமி மரத்தடியில் சூரிய வெளிச்சம் பொட்டாகக்கூட விழாது. அத்தனை அடர்த்தியான மரம், நட்டுவைத்த அரிவாள்களே அங்கே வருடக்கணக்காக நிழலைப் பார்த்ததில்லை. மணிகளுக்கும் வேல்களுக்கும் நடுவே, ஊரில் செத்துப் பிழைத்த எல்லா வண்டிகளின் எண்களும் அங்கே அறைந்திருந்தன. அவள் மூன்று வருடமாக அந்த மரத்தைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தாள். கடைசிச் சில மாதங்கள் அவனையும் தாண்டி.

மறுநாள் அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள், புது வெட்டு பளபளவென்று தெரிந்தது. பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் பார்த்துவிட்டுப் போனாள். கை நீட்டினால் எட்டும். வெயில் பத்தடி தள்ளிச் சாலையில் கிடந்தது. ஆனால் அங்கே கொண்டுபோய்ப் பிடித்து, அவன் நிழல் தெரிந்துவிட்டால், டீக்கடை மூடிவிடும், பொம்பளைப் பிள்ளை இல்லாமல் போகும், ராத்திரி ஒரு பிடி அரிசி மிச்சமாகும். தெரியாமல் போனால், ஊர் சொன்னதெல்லாம் நிஜம். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் நடந்தாள். அந்த நாட்களில் யாராவது ஏசினால் நின்று கேட்டாள், இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்பது போல.

தங்கமாயனுக்கும் தூக்கமில்லை. ஒருநாள் அவள் கழுதைப் பாதையிலிருந்து ஏறி வளைவுக்கு வந்தபோது, டப்பா வண்டி ஆட்களோடு வெயிலில் நின்றிருந்தது, அதன் முன்னால் மயில் வண்டி சாலையில் நீளமாகக் கிடந்தது. தங்கமாயன் மரத்தடியில் இருந்தார். வண்டியிலிருந்தவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தார்கள். அவர் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன.

“கும்பிடுறதுக்கு எதுக்குண்ணே உளி?”

அவர் மறைக்க முயலவில்லை. “பேத்தெடுத்துப் பள்ளத்துல வீசிரலாம்னு வந்தேன் தங்கச்சி.”

“ஏன்?”

“எந் தம்பி கையை நீட்டி, இவன் இல்ல, இவன் இல்லைன்னு காட்டுறான். அதுலதான் அவன் பேரு நிக்குது. உம் புருசன் அங்க இருந்துட்டான்னா, அப்பறம் வண்டியை யாரு உருட்டுனது? பெத்தணன் குடிச்சிருந்தான்னு பேசுவாக. ஆத்தா இன்னும் இருக்குது. அது காதுல விழுகணுமா?”

செவனம்மாள் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தாள்.

“உங்க தம்பி செத்து, நீங்க அழுது, காரியம் பண்ணி, படத்துக்கு மாலை போட்டாச்சுண்ணே. எங்க வீட்டுக்காரரு இன்னும் சாகல. இந்த இரும்பை வெயிலுக்குக் கொண்டுபோனா நாந்தான் அவரைக் கொல்லணும்.”

“அப்ப விட்ருத்தா. ரெண்டு பேருக்கும் நல்லது. வீசிர்றேன்.”

அவள் மரத்துக்குக் கிட்டே போய், இரும்பின் வெட்டு விளிம்பை விரலால் தொட்டாள். வண்டியிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“மூணு வருசமா அவரு அந்த மட்கார்டுல உக்காரவும் இல்லாம, எறங்கவும் இல்லாம நிக்கிறாரு,” என்றாள். “கால் வலிக்கும்லண்ணே.”

தங்கமாயன் உளியை ஆணிக்கடியில் கொடுத்தார். தன் வேலைக்காகக் கொண்டுவந்த உளிதான். சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் மரத்தில் கிடந்த மணிகளெல்லாம் லேசாகச் சிணுங்கின. துண்டு கையோடு வந்தது. அதை அவர் தோள்துண்டால் துடைத்து, பிரசாதம் கொடுப்பது போல இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.

மரத்தின் நிழல் சாலை ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல முடியும். அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் அவள் நின்றாள். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டாள், பார்க்க வேண்டாம் என்று அதற்குச் சொல்வது போல. பிறகு வெயிலுக்குள் கால் வைத்தாள்.

அவள் உள்ளங்கையில் ஒரு சாண் இரும்பு இருந்தது. தரையில் ஓர் ஆள் விழுந்தான்.

தலையில் கட்டிய துண்டின் இரண்டு முனைகளும் முயல் காது போல நட்டுக்கொண்டு நின்றன. அப்படிக் கட்டாதீங்க, பிள்ளைக சிரிக்குதுக என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் நினைத்திருந்தது போல அவன் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கால் அந்தரத்தில் இருந்தது. முதுகு பின்னால் சரிந்திருந்தது. ஒரு கை தலைக்கு மேலே போய், ஐந்து விரலும் விரிந்து, பிடிப்பதற்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“விழுகுறாரு,” என்றாள் செவனம்மாள். கத்தவில்லை, அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்லும் பெண்ணின் அவசரம்தான் குரலில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சாலையில் கிடந்த மயில் வண்டியிலிருந்து பெத்தணனின் கை மட்கார்டை நோக்கி நீண்டிருந்தது. அவள் ஓடினாள். அவள் காலடியில் அவனும் விழுந்துகொண்டே ஓடிவந்தான். ஓடிப்போய் டப்பா வண்டியின் வலது மட்கார்டில், கொடிக்கம்பிக்குப் பக்கத்தில், அந்த இரும்பை வைத்தாள்.

கொடிக்கம்பியின் நிழல் இல்லாமல் போனது. பெத்தணனின் கை மணிக்கட்டோடு நிற்கவில்லை, முழுசாக வந்தது. அதில் சுட்டுவிரல் என்று தனியாக எதுவும் நீளவில்லை. ஐந்து விரலும் கெப்புராஜின் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன.

வண்டியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், இறங்க இறங்க அவரவர் நிழல் அவரவர் காலில் வந்து ஒட்டிக்கொண்டது. ஈரத்தில் மட்கார்டு வழுக்கியிருக்கிறது. இவன் விழப்போயிருக்கிறான். அவன் பிடித்திருக்கிறான். சாலையைப் பார்க்க வேண்டிய முகம் கூட்டாளியைப் பார்த்திருக்கிறது. இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை, சாலையிலேயே கிடந்தது. கணக்கில் கெட்டியான ஒருவர் மட்டும், “ரெண்டு கையும் ஸ்டீரிங்கில இருந்திருந்தா மத்தவுக...” என்று தொடங்கினார். பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

தங்கமாயன் சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளும் சேர்ந்த இடத்துக்கு மேலே தன் உள்ளங்கையைக் குடை போலப் பிடித்தார். நிழல் அவர் புறங்கை மேல் ஏறிக்கொண்டது. “விடலையேடா,” என்றார். “நீ விடவே இல்லையேடா.”

அன்று சாயங்காலம் செவனம்மாள் ஓடைக்குத் தனியாகப் போனாள். துணைக்கு வந்த பெண்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். திரும்பி வந்து, வெறுங்கழுத்தோடு ஒருத்திக்கு மட்டும் அளந்து உலை வைத்தாள்.

இரும்பைப் பழைய இடத்திலேயே பற்றவைத்துத் தரச் சவரிமுத்து தயாராகத்தான் இருந்தார். ஆனால் ஒரு வண்டிக்கு இரண்டு எண் இருந்தால், வண்டியையும் தங்கமாயனையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள். வண்டிக்கு ஒரு பிறவிதான் என்பதில் அரசாங்கம் கண்டிப்பானது. ஆகவே வேறு வழி செய்துகொண்டார்கள். காலையில் அவள் வருகிறவரைக்கும் டப்பா வண்டி கிளம்புவதில்லை. வலது மட்கார்டில் மடித்த சாக்கு போட்டிருக்கும். இரும்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதில் ஏறி உட்காருவாள், “போலாம்ணே,” என்பாள். சுவரில் பன்னிரண்டு பேரும் முழுசாகத் தெரிவார்கள். மூட்டம் இறங்கி நிழல் இல்லாமல் போகும் நாட்களில், “இடம் ஒடிங்க, போதும், கல்லு இருக்கு,” என்று அவள் குரல் முன்னால் போகும், தங்கமாயன் அந்தக் குரலை ஓட்டுவார். அவளை இப்போது யாரும் ஏசுவதில்லை. வழியில் எதிர்ப்படும் பெண்கள் ஏதாவது பேச வேண்டுமே என்று விலைவாசியைப் பேசுகிறார்கள். டீக்கடையைப் பற்றி யாராவது ஒருத்தி மறந்துபோயாவது சொல்ல மாட்டாளா என்று அவள் முகம் சில சமயம் திரும்பிப் பார்க்கும்.

தோட்டத்து வாசலில் இறங்கும்போது இரும்பை அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஏலக்காய் வெயில் தாங்காத பயிர், பெருமரங்களின் அடியில்தான் வளரும். அங்கே ஒரு கிளையில் சாப்பாட்டுப் பையை மாட்டி, அதற்குள் இரும்பை வைத்துவிட்டுக் களை எடுப்பாள். வெயில் இறங்காத இடத்தில் நிழலுக்கு வேலையில்லை. அந்தப் பகல் முழுக்க அவன் விழாமல் இருப்பான்.

வாசலில், கொதிக்கும் வெயிலில், டப்பா வண்டி ஆளில்லாமல் நிற்கும். சூரியன் சுற்றச் சுற்ற அதன் நிழலும் சுற்றும். பெத்தணனின் கை மட்டும் மணிக்கட்டோடு முடிந்து, கொடிக்கம்பியை நோக்கி நீண்டபடியே, அவள் வேலை முடிந்து வரும்வரை அப்படியே இருக்கும்.